கிரகடோவா எரிமலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரகடோவா என்றதும் 1883 என்ற ஆண்டும், பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கேட்ட வெடிச்சத்தமும்தான் பலருக்கு நினைவில் வரும். அதன்பின் 2018 டிசம்பரில் வந்த சுனாமிச் செய்தி. இரண்டும் ஒரே இடம்தானா, இப்போது அங்கே என்ன இருக்கிறது, இன்னும் ஆபத்தா என்று பலரும் கேட்கிறார்கள். பதில்களுக்கு முன்னால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நெருப்பைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் 1883-இலும் சரி, 2018-இலும் சரி, ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர்தான். கீழே உள்ளதை அந்தக் கணக்கில் படியுங்கள்.

கிரகடோவா எங்கே இருக்கிறது?

இந்தோனேசியாவில், ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் நடுவே உள்ள சுண்டா நீரிணையில். ஜகார்த்தாவிலிருந்து மேற்கே சுமார் 150 கிலோமீட்டர். இரண்டு பெரிய தீவுகளின் கரைகளும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கின்றன. இந்த நெருக்கத்தை மறக்க வேண்டாம், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

அது ஒரு மலையா, தீவா, தீவுக்கூட்டமா?

இப்போது நான்கு தீவுகள். ரகாட்டா, செர்த்துங், பஞ்சாங் ஆகிய மூன்றும் ஒரு வட்டத்தின் உடைந்த விளிம்பு மாதிரி நிற்கின்றன. அவற்றின் நடுவே இருப்பது நான்காவதான அனாக் கிரகடோவா, அதாவது கிரகடோவாவின் பிள்ளை. இன்றைக்குப் புகைவதும் வெடிப்பதும் இந்தப் பிள்ளைதான்.

1883-க்கு முன்னால் பெரிய தீவு ஒன்று இருந்தது. நீளம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், அகலம் 5 கிலோமீட்டர். அதன்மேல் வரிசையாக மூன்று கூம்புகள்: தெற்கே 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த ரகாட்டா, நடுவில் டானன், வடக்கே குட்டையான பெர்புவாத்தான். அந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு 1883 ஆகஸ்டில் காணாமல் போனது. டானனும் பெர்புவாத்தானும் முழுதாகப் போயின. ரகாட்டா பாதியாக வெட்டுப்பட்டு நின்றது.

அந்த வெட்டுமுகம் இன்றும் இருக்கிறது. வடக்கே படகில் நின்று பார்த்தால் கூம்பின் உச்சியிலிருந்து கடல்வரை செங்குத்தான சுவர். சாம்பல் அடுக்கு, எரிமலைக்குழம்பு அடுக்கு என்று மாறி மாறி, இரண்டு பக்கமும் சரிந்து இறங்குவது தெரியும். அந்த அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு மேலேறும் கருத்த பாறைச் சுவர்களும் தெரியும். குழம்பு மேலே வந்த வெடிப்புகள் அப்படியே உறைந்து நின்றவை அவை. ஒரு எரிமலையின் உள்ளமைப்பைத் தோண்டாமல் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அந்த இடத்தில் ஏன் எரிமலை?

இந்திய-ஆஸ்திரேலியப் புவித்தட்டு, ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வேகத்தில் சுண்டாத் தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. சுமத்திரா, ஜாவா, பாலி என்று தொடரும் எரிமலை வரிசை முழுவதற்கும் இதுதான் மூலம். இறங்கும் தட்டு சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகும்போது, அதன் கனிமங்களில் பிணைந்திருந்த நீர் அழுத்தத்தால் வெளியேறுகிறது. மேலே இருக்கும் சூடான பாறைக்குள் அந்த நீர் புகுந்ததும் பாறையின் உருகுநிலை இறங்கிவிடுகிறது. வெப்பம் கூடாமலேயே பாறை உருக ஆரம்பிக்கும். அந்த உருகல்தான் மேலே வருகிறது.

சுண்டா நீரிணைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஜாவாவுக்குத் தெற்கே தட்டு நேராக உள்ளே போகிறது. சுமத்திரா பக்கம் அது சாய்ந்து, பக்கவாட்டில் உராய்ந்தபடி போகிறது. திசை மாறும் இந்த மூலையில் மேலோடு இழுபட்டு விரிசல் கண்டிருக்கிறது. குழம்பு ஏறிவர வசதியான வழி.

1883-க்கு முன்பும் வெடித்திருக்கிறதா?

ஆமாம். செர்த்துங்கும் பஞ்சாங்கும் 1883-இல் உண்டானவை அல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பெரிய மலை வெடித்து உள்வாங்கியதில் மிஞ்சிய விளிம்புகள். அது எந்த ஆண்டு என்பதில்தான் சண்டை. கி.பி. 416 என்று சிலர் சொல்வது, ஒரு ஜாவானிய அரசர் வரலாற்று நூலை வைத்து. அந்த நூல் தொகுக்கப்பட்டதோ 19-ஆம் நூற்றாண்டில். கி.பி. 535 என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் உறுதியான பாறைச் சான்று இல்லாததால் நான் எந்த ஆண்டையும் பிடித்துக்கொள்வதில்லை. 1680-இல் சிறிதாக வெடித்ததற்குக் கப்பலில் போனவர்களின் குறிப்புகள் இருக்கின்றன. அதற்குப்பின் இரண்டு நூற்றாண்டு உறக்கம். செத்த எரிமலை என்றே கப்பல்காரர்கள் நினைத்தார்கள்.

1883 எப்படி ஆரம்பித்தது?

மே 20-ஆம் தேதி பெர்புவாத்தானில். நீரிணையைக் கடந்துகொண்டிருந்த எலிசபெத் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் இருந்தவர்கள், சாம்பல் தூண் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரம் எழுந்ததைக் கணக்கிட்டார்கள். அப்போது பட்டாவியா என்று பெயர் கொண்டிருந்த ஜகார்த்தாவில் ஜன்னல்கள் அதிர்ந்தன.

அடுத்த வாரமே பட்டாவியாவிலிருந்து ஒரு சுற்றுலா கிளம்பியது என்றால் நம்புவீர்களா? கவர்னர்-ஜெனரல் லௌடன் என்ற நீராவிக் கப்பலில் 86 பேர் டிக்கெட் எடுத்துப் போய்த் தீவில் இறங்கி, வாய்க்குழியின் விளிம்புவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வெடிக்கும் கிரகடோவாவின் புகழ்பெற்ற புகைப்படம் அந்தப் பயணத்தில் எடுத்ததுதான். இந்தக் கப்பலின் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

ஜூன், ஜூலையில் விட்டு விட்டுப் புகைந்தது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஃபெர்செனார் என்ற டச்சு ராணுவ அதிகாரி தீவில் இறங்கி வரைபடம் எடுத்தார். காடு முழுக்கச் செத்து, மரங்கள் மொட்டைக் கம்புகளாக நின்றன. பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஆவி பீறிட்டுக்கொண்டிருந்தது. இனி யாரும் இங்கே இறங்கி அளவெடுக்க வேண்டாம் என்று எழுதினார். பழைய தீவில் கால்வைத்த கடைசி ஆள் அவர்தான்.

ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் என்ன நடந்தது?

26 ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் ஒரு மணிக்கு மேல் வெடிப்புகள் பலத்தன. இரண்டு மணிக்கெல்லாம் சாம்பல் தூண் 27 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. இரவு முழுக்க ஓயவில்லை. சிறிய சுனாமிகள் கரைகளில் படகுகளை உடைக்க ஆரம்பித்தன.

மறுநாள் காலையில் நான்கு பெரும் வெடிப்புகள்: ஐந்தரை மணிக்கு, ஆறே முக்காலுக்குச் சற்று முன்னால், பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு, பதினொன்றுக்கு முன்பாக நான்காவது. மூன்றாவதுதான் உலகம் அறிந்தது.

தெலுக் பெத்துங் என்பது சுமத்திராவின் தெற்கே, ஒரு வளைகுடாவின் உட்கோடியில் இருந்த துறைமுக ஊர். இன்று பண்டார் லம்புங் நகரின் பகுதி. அந்த லௌடன் கப்பல் 26-ஆம் தேதி மாலை அங்கே வந்து நங்கூரமிட்டிருந்தது, கப்பல் நிறையப் பயணிகள். 27 காலை ஏழு மணிபோல் வளைகுடாவுக்குள் பெரிய அலைகள் வருவதை கேப்டன் லிண்டமன் பார்த்தார். ஓடித் தப்ப இடமில்லை. கப்பலின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி முழு வேகத்தில் ஓட்டினார். கப்பல் ஏறியது, ஒரு நொடி நின்றது, மறுபக்கம் இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது கரையில் ஊர் இருந்த இடத்தில் கடல். அப்புறம் அன்று முழுவதும் கும்மிருட்டில் அதே கப்பல் தத்தளித்தது. வானத்திலிருந்து சேறு பெய்து தளத்தில் அரை மீட்டர் கனத்துக்குப் படிந்தது. பாய்மரத்தில் இருந்த இடிதாங்கியை மின்னல் திரும்பத் திரும்பத் தாக்கியது. கப்பலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பெரூ என்ற இன்னொரு நீராவிக் கப்பலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதே துறைமுகத்தில் நின்ற அதை அலை தூக்கி, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக சுமார் 3 கிலோமீட்டர் உள்நாட்டில் காட்டுக்குள் போட்டது. அதில் இருந்த 28 பேரும் இறந்தார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? எப்படி?

டச்சு அரசு வெளியிட்ட கணக்கு 36,417. ஊரும் கிராமமுமாக 165 அழிந்தன. ஜாவாக் கரையில் அன்யர், மெராக், சரிங்கின், சுமத்திராக் கரையில் தெலுக் பெத்துங் எல்லாம் துடைத்தெடுக்கப்பட்டன. சில இடங்களில் அலை 30 மீட்டருக்கும் மேலே ஏறியது, அதாவது பத்து மாடி உயரம். அன்யர் கரையில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள பவளப்பாறைகள் தரைக்கு வந்து விழுந்தன. அங்கே அடித்துப்போன கலங்கரை விளக்கத்துக்குப் பதிலாக 1885-இல் கட்டியது இன்றும் நிற்கிறது.

இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுனாமிக்கு இரையானவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இறந்தது சுமத்திராவின் கெதிம்பாங் பக்கம், வேறு ஒரு விதத்தில். எரிமலையிலிருந்து சரிந்த கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த மேகம் 40 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்து அவர்களைச் சுட்டது. குடிசைகளின் தரைப் பலகை இடுக்குகள் வழியாகச் சூடான சாம்பல் பீறிட்டு வந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அடிப்பகுதி கனமான சாம்பல் ஓட்டம் தண்ணீரில் மூழ்கிவிடும். மேற்பகுதி லேசானது, நீராவி மெத்தைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கடல் நடுவில் இருப்பதால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை எரிமலையியலாளர்களிடையே உடைந்ததற்கு இந்தச் சம்பவம் முக்கியக் காரணம்.

மலை வெடித்தால் சுனாமி எப்படி வரும்?

பழைய பாடப்புத்தகங்கள், கடல்நீர் எரிமலைக்குள் புகுந்து கொதித்து வெடித்தது என்று முடித்துவிடும். இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள்.

1883-இல் மேலே வந்தது டேசைட் வகைக் குழம்பு. சிலிக்கா அதிகம், அதனால் பிசுபிசுப்பு அதிகம். உள்ளே கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் எளிதில் வெளியே வர முடியாமல் அடைபடும். குழம்பு மேலேறி அழுத்தம் குறைந்ததும் அவை ஒரே நேரத்தில் குமிழிகளாகி, குழம்பையே நுரைக்கல்லாகவும் சாம்பலாகவும் சிதறடிக்கும். அப்படி வெளியேறியது ஏறக்குறைய 20 கன கிலோமீட்டர். வானத்துக்குப் போன தூண் தன் எடையைத் தாங்க முடியாமல் சரியும்போது, பல கன கிலோமீட்டர் பொருள் சில நிமிடங்களில் கடலுக்குள் பாய்கிறது. அவ்வளவு பொருள் உள்ளே போனால் அதே அளவு தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். அதுதான் அலை. அடியில் காலியான குழம்பறையின் கூரை இடிந்து விழுந்ததில் உண்டான பள்ளம் இப்போது சுமார் 7 கிலோமீட்டர் அகலமும் 250 மீட்டர் ஆழமும் கொண்ட கடல். இதைத்தான் கால்டெரா என்கிறோம்.

சத்தம் உண்மையிலேயே 4,800 கிலோமீட்டருக்குக் கேட்டதா?

கேட்டது. மொரீஷியஸ் பக்கத்தில் உள்ள ரோட்ரிகஸ் தீவின் காவல்துறைத் தலைவர், கிழக்கே பீரங்கிகள் முழங்குவதுபோல் கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். சத்தம் அங்கே போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆனது. டியாகோ கார்சியாவில், ஆபத்தில் மாட்டிய கப்பல் ஏதோ பீரங்கி சுட்டு உதவி கேட்கிறது என்று தேடினார்கள்.

எனக்குச் சத்தத்தைவிடச் சுவாரசியமானது, காதுக்குக் கேட்காத அழுத்த அலை. பட்டாவியா எரிவாயு ஆலையின் அழுத்தமானியில் முள் அளவுகோலைத் தாண்டிப் போயிற்று. உலகம் முழுவதும் வானிலை நிலையங்களில் இருந்த காற்றழுத்தப் பதிவுகளில் ஒரு சின்னக் குத்து விழுந்தது. அந்த அலை பூமியின் மறுபக்கம் போய்க் குவிந்து, திரும்பி வந்து, மறுபடி போய், ஐந்து நாள்களில் ஏழு முறை பதிவானது. இங்கிலாந்துக் கால்வாயில் கூட அலைமானிகள் ஆடியதற்குக் காரணம், ஜாவாவிலிருந்து தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தது அல்ல. காற்றில் போன அழுத்த அலை கடலைத் தட்டிவிட்டது. 2022 ஜனவரி 15-ஆம் தேதி டோங்கா எரிமலை வெடித்தபோது இதே மாதிரி நடந்ததைச் செயற்கைக்கோள்களே படம் பிடித்தன. 1883-க்குப் பிறகு அந்த அளவு அழுத்த அலை அப்போதுதான் வந்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும் ஏதாவது தெரிந்ததா?

நன்றாகவே தெரிந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் துறைமுக அலைமானிகள் 27-ஆம் தேதி கடல்மட்டம் ஏறி இறங்கியதைக் கோடு கோடாகப் பதிந்து வைத்திருக்கின்றன. இங்கே அது கருவியில் தெரிந்த அளவோடு போயிற்று. 2004-ஐ மனதில் வைத்துக்கொண்டு கற்பனை செய்ய வேண்டாம். கிரகடோவாவின் அலை சுண்டா நீரிணையின் ஒடுங்கிய வாயைத் தாண்டி வந்தபோதே பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. 2004-இல் உடைந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட கடலடிப் பிளவு, அதன் அலை நேரே நம் கரையை நோக்கி வந்தது. இருந்தாலும் இலங்கையின் கிழக்குக் கரையில் பாணமை அருகே ஒரு பெண் அந்த அலையில் சிக்கி இறந்ததாகப் பதிவு இருக்கிறது.

அப்புறம் பச்சைச் சூரியன். செப்டம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் காலையிலும் மாலையிலும் சூரியன் நீலமாகவும் பச்சையாகவும் தெரிந்தது. அப்போது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், நிறமாலைமானியை வைத்துக்கொண்டு அதை ஆராய்ந்து எடின்பரோ ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவியவர் இவர்தான். ஏறக்குறைய ஒரே அளவுள்ள நுண்துகள்கள் வானத்தில் பரவியிருந்தால் சிவப்பு ஒளி அதிகம் சிதறி, நீலமும் பச்சையும் நேராக வந்துவிடும். வழக்கத்துக்கு நேர் தலைகீழ்.

உலகத்தின் வெப்பம் குறைந்ததா?

சற்றுக் குறைந்தது, ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் அளவுக்கு. குளிர்வித்தது சாம்பல் அல்ல. அது சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். கந்தக டை ஆக்சைடு வாயு மேல் வளிமண்டலத்தில் நீருடன் சேர்ந்து கந்தக அமிலத் துளிகளாகி வருடக்கணக்கில் மிதந்ததுதான் காரணம். அந்த முகில் இரண்டு வாரத்தில் நிலநடுக்கோட்டைச் சுற்றி வந்தது. ஹொனலூலுவில் செரீனோ பிஷப் என்ற பாதிரியார் செப்டம்பர் 5-ஆம் தேதியே சூரியனைச் சுற்றி ஒரு மங்கிய வளையத்தைக் கண்டு எழுதினார். அதற்கு பிஷப் வளையம் என்றே பெயர். நவம்பரில் அமெரிக்காவின் பொகிப்சி நகரில் மாலைச் செவ்வானத்தைப் பார்த்து ஊர் எரிகிறது என்று தீயணைப்பு வண்டிகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வரலாற்றிலேயே பெரிய வெடிப்பு இதுதானா?

இல்லை. அதே இந்தோனேசியாவில் 1815-இல் வெடித்த தம்போரா இதைவிடப் பல மடங்கு பெரியது. கிரகடோவாவுக்கு இவ்வளவு புகழ் வந்ததற்குப் பெரிய காரணம் தந்தி. கடலடிக் கம்பிகள் போட்டிருந்ததால் சில மணி நேரத்தில் லண்டனுக்குச் செய்தி போய்விட்டது. தம்போரா காலத்தில் கப்பல் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். கிரகடோவாவை டச்சுப் பொறியாளர் வெர்பேக்கும், தனியாக லண்டன் ராயல் சொசைட்டியும் விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டதும் இன்னொரு காரணம்.

அனாக் கிரகடோவா எப்போது பிறந்தது?

1927 டிசம்பர் கடைசியில் கால்டெராவின் மேல் கடல் கொதிப்பதை மீனவர்கள் பார்த்தார்கள். அடுத்த மாதம் ஒரு சின்னத் தீவு தலைகாட்டியது, அலை அரித்துவிட்டது. இப்படிச் சில முறை எழுந்து மறைந்து, 1930 ஆகஸ்டில் நிலைத்தது. பிறகு வளர்ச்சி வேகம். 2018-இல் உயரம் 338 மீட்டர். தொண்ணூறு ஆண்டில், கடலடியில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு முழு மலை.

இதன் குழம்பு பெரும்பாலும் பசால்ட்டிக் ஆண்டசைட், 1883-இல் வந்த டேசைட்டைவிடச் சிலிக்கா குறைவு. அதனால் வாணவேடிக்கை மாதிரிச் சிறு வெடிப்புகளும் குழம்பு வழிவதும்தான் வழக்கம்.

அப்படியானால் 2018-இல் ஏன் சுனாமி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் நேரம் எடுத்துக்கொள்வேன். 2018-இல் பெரிய வெடிப்பு எதுவும் முன்னதாக நடக்கவில்லை. ஜூனில் தொடங்கிய வழக்கமான பொருமல்தான். மலை நின்ற இடம்தான் வினை.

அனாக் கிரகடோவா கால்டெராவின் நடுவில் முளைக்கவில்லை, வடகிழக்கு விளிம்பில் முளைத்தது. ஆக அதன் தென்மேற்குச் சரிவு, 250 மீட்டர் பள்ளத்தை நோக்கித் தொங்குகிறது. வீடு கட்டும் இடத்தில் அஸ்திவாரக் குழியின் ஓரத்தில் லாரி மணலைக் கொட்டி, அதன்மேலேயே மறுபடி மறுபடி கொட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. டிசம்பர் 22 இரவு ஒன்பது மணிபோல் அந்தச் சரிவு, கடலுக்கு மேலே இருந்ததும் கீழே இருந்ததுமாக, மொத்தமாக இறங்கிவிட்டது. அருகில் இருந்த தீவுகளில் அலை 80 மீட்டருக்கு மேல் மோதி மரங்களை மொட்டையடித்தது. அரை மணி நேரத்தில் ஜாவாக் கரை. அங்கே சில இடங்களில் 13 மீட்டர்வரை ஏறியது. பள்ளிவிடுமுறை, சனிக்கிழமை இரவு, கடற்கரை விடுதிகள் நிரம்பியிருந்தன. தஞ்சுங் லெசுங் கடற்கரையில் ஓர் இசைக்குழு பாடிக்கொண்டிருந்த மேடைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வந்ததை உலகமே வீடியோவில் பார்த்தது. இறந்தவர்கள் 437 பேர்.

மலையின் உயரம் 338 மீட்டரிலிருந்து 110 மீட்டராகக் குறைந்தது. சரிந்த பிறகு குழம்புவாய் கடல்நீருக்கு நேராகத் திறந்துகொண்டதால், அதன் பின்னர்தான் உக்கிரமான வெடிப்புகள். பலர் நினைப்பதுபோல் வெடித்துச் சுனாமி வரவில்லை. சரிந்து, சுனாமி வந்து, அப்புறம்தான் பெரிதாக வெடித்தது.

முன்கூட்டியே யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, தென்மேற்குச் சரிவு இடிந்தால் எவ்வளவு உயர அலை, எத்தனை நிமிடத்தில் எந்தக் கரைக்கு வரும் என்று கணினியில் கணக்குப் போட்டுக் காட்டியது. திசைகூடச் சரியாக இருந்தது. எந்த நாள் என்பதுதான் யாராலும் சொல்ல முடியாதது.

பிறகு எச்சரிக்கை ஏன் வரவில்லை?

இந்தோனேசியாவின் சுனாமி எச்சரிக்கை நிலநடுக்கத்தைப் பார்த்துத்தான் விழிக்கும். 2004-க்குப் பிறகு அதற்காகவே கட்டியது அது. பெரிய நிலநடுக்கம், உடனே கணக்கு, உடனே சைரன். மலைச்சரிவு அப்படிப்பட்ட நடுக்கத்தைத் தராது. கடலில் மிதக்கும் சுனாமி மிதவைகள் பல ஆண்டுகளாகவே வேலை செய்யவில்லை. அன்று பௌர்ணமி வேறு. அதனால் முதலில் அதிகாரிகள் இது உயர் ஓதம்தான், பயப்பட வேண்டாம் என்று அறிவித்து, பிறகு மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள்.

அதிகாரிகளைத் திட்டுவது எளிது. ஆனால் கரையில் நிற்பவருக்குத் தரை ஆடவும் இல்லை, கடல் வெகுதூரம் உள்வாங்கியதாகத் தெரியவும் இல்லை. பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் அடையாளங்கள் எதுவும் அன்று வேலைக்கு ஆகவில்லை.

இப்போது யார் கண்காணிக்கிறார்கள்?

பாண்டுங்கில் உள்ள இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையம். ஜாவா, சுமத்திரா இரண்டு கரைகளிலும் அதற்குக் காவல் நிலையங்கள் உண்டு. நில அதிர்வுமானி, கேமரா, செயற்கைக்கோள் ரேடார் எல்லாம் பயன்படுகின்றன. நான்கு நிலைகளில் எச்சரிக்கை: இயல்பு, கவனம், ஆயத்தம், அபாயம். 2018 டிசம்பர் சுனாமிக்கு முன்பு இரண்டாம் நிலையில்தான் இருந்தது. சில நாள்கள் கழித்தே மூன்றுக்கு ஏற்றினார்கள். 2022 ஏப்ரலிலும் மூன்றாம் நிலைக்குப் போனது, அப்போது சாம்பல் தூண் மூன்று கிலோமீட்டர் உயரம் எழுந்தது. 2018-க்குப் பிறகு, நிலநடுக்கத்துக்குக் காத்திராமல் கடல்மட்டத்தையே நேரடியாக அளக்கும் கருவிகளையும் கரையோரங்களில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான மாற்றம்.

மறுபடி 1883 மாதிரி நடக்குமா?

அதே அளவில் இன்னும் சில ஆண்டுகளில் நடக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. அப்படி வெடிக்க டேசைட் குழம்பு பெரிய அளவில் சேர வேண்டும். அதற்கு வெகுகாலம் ஆகும். ஆனால் 2018 மாதிரி நடக்க 1883 அளவு வெடிப்பு தேவையே இல்லை. மலை அதே விளிம்பில் திரும்ப எழும்புகிறது. இப்போதைக்கு உயரம் குறைவு, அதனால் சரியக்கூடிய பொருளும் குறைவு. இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தக் கணக்கு மாறும்.

வெடிப்புக்குப் பிறகு அங்கே உயிர்கள் எப்படித் திரும்பின?

1884 மே மாதம், அதாவது ஒன்பது மாதம் கழித்து ரகாட்டாவில் இறங்கிய பிரெஞ்சுக் குழு கண்டது ஒரே ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. காற்றில் மிதந்து வந்து, தின்ன ஒன்றும் இல்லாத தீவில் வலை பின்னிக்கொண்டிருந்தது. 1886-இல் பாசியும் பெரணியும் இருந்தன. இன்று ரகாட்டா அடர்ந்த காடு. எதிரே ஜாவாவின் மேற்கு முனையில் உள்ள உஜுங் குலோன் கதை இன்னும் விசித்திரமானது. சுனாமி அழித்த கிராமங்களுக்கு மக்கள் திரும்பவில்லை, காடு இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜாவா காண்டாமிருகத்துக்கு உலகில் எஞ்சிய ஒரே புகலிடம் இன்று அதுதான்.

போய்ப் பார்க்கலாமா?

மலை அமைதியாக இருக்கும் காலங்களில் ஜாவாவின் சரித்தா பக்கமிருந்தும் சுமத்திராவின் கலியாண்டா பக்கமிருந்தும் படகுகள் போகும். எச்சரிக்கை நிலையைப் பொறுத்து எரிமலைவாயிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்று எல்லை போடுவார்கள். இரண்டாம் நிலையில் 2, மூன்றாம் நிலையில் 5 கிலோமீட்டர் என்பது வழக்கம். அன்றைய நிலையை அந்த ஆய்வு மையத்தின் மாக்மா இந்தோனேசியா தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். படகுக்காரர் சரி என்பது அனுமதி ஆகாது. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை பருவக்காற்றில் நீரிணை கொந்தளிக்கும், சின்னப் படகில் அந்த மாதங்களில் போக வேண்டாம். மலையில் ஏற முடியாவிட்டாலும் ரகாட்டாவின் அந்த வெட்டுச்சுவரைக் கடலிலிருந்தே பார்க்கலாம். கரையில் தங்குவதாக இருந்தால், மேட்டுக்குப் போகும் பாதை எது என்று விடுதியில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.